ஒன்பதாம் அறைக்கு மூன்று கோடுகள்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. ஊரின் பெயரை மறைத்திருக்கிறேன். விடுதியின் பெயரை மாற்றியிருக்கிறேன். நேரங்களை மட்டும் மாற்றவில்லை. அவை என் கைக்குறிப்பில் இருப்பவை. எத்தனை மணிக்கு எதைக் கண்டேன் என்று எழுதி வைப்பது முப்பத்தோரு வருடத் தொழில் பழக்கம். விடுமுறையிலும் அது என்னை விடவில்லை.

என் பெயர் லென் கார்சைட். சொந்த ஊர் பார்ன்ஸ்லி. வீடுகளில் வெந்நீருக்கும் அறைச் சூட்டுக்குமான எரிவாயு பாய்லர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. "வீட்டுச் சுவருக்குள்ளே பேய் தட்டுகிறது" என்று இதுவரை நான்கு பேர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு வீட்டிலும் குழாய்தான் தட்டியது. செம்புக் குழாய் சூடானால் நீளும். நீளும்போது மரச்சட்டத்தில் உரசும். டக்... டக்... ஒரு பிடிமானத்தைத் தளர்த்தினால் பேய் போய்விடும். எதற்கும் ஒரு காரணம் உண்டு என்று நம்புகிற ஆள் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2021 ஆகஸ்ட். தொற்று முழுசாகப் போகாத கோடை. ஸ்பெயினுக்கு நாங்கள் வாங்கியிருந்த விமானச் சீட்டு இரண்டாம் முறையும் ரத்தானது. நாட்டில் பாதிப் பேருக்கு அதே கதை. எல்லோரும் உள்ளூர்க் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். கோழிக்கூண்டுக்கெல்லாம் மாளிகை வாடகை. ஆகஸ்ட் கடைசித் திங்கள் பொது விடுமுறை. அதை ஒட்டி, வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை, கிழக்குக் கரையில் ஓர் அறை கிடைத்தது. விடுதியை மார்ட்லெட் என்று வைத்துக்கொள்வோம்.

காரில் போகும்போதே என் மனைவி ஹேசல் ஆரம்பித்தாள்.

"ஒரு சத்தியம் பண்ணு. மூணு நாளைக்கு எந்த பாய்லரையும் நோண்டக்கூடாது."

"நோண்ட மாட்டேன்."

"பாக்கவும் கூடாது. போன வருஷம் அந்த வேல்ஸ் வீட்டுல வீட்டுக்காரம்மாவை உக்கார வெச்சு முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினே."

"அவங்கதான் கேட்டாங்க."

"கொட்டாவி விட்டாங்கப்பா," என்றாள் பின்னால் இருந்து ஐவி. எங்கள் ஒரே மகள். பத்து வயது.

சத்தியம் பண்ணினேன்.

வெள்ளி மாலை 4.50. மழை. விடுதிக் கதவில் ஏழு அறிவிப்புகள், ஏழுக்கும் பிளாஸ்டிக் உறை. ஆள் பற்றாக்குறை, பொறுத்துக்கொள்ளவும். துண்டு கேட்டால் மட்டும் தரப்படும். தொற்றுக் காரணமாக அறை சுத்தம் செய்யப்படாது. மணற்காலோடு உள்ளே வராதே. ஜன்னலைத் திறக்காதே, கடற்பறவை நுழையும். வெந்நீர் காலை 6.30 முதல் 8.30 வரை, மாலை 6 முதல் 8 வரை மட்டும். ஏழாவது அறிவிப்பு, எங்கள் விருந்தோம்பலை அனுபவியுங்கள் என்றது.

தொற்று என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த வருடம் எத்தனை வேலைகளைக் கைகழுவினார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

உரிமையாளர் டிரான்டர். அறுபது வயது. முகக்கவசம் மூக்குக்குக் கீழே தொங்கியது.

"மூணு மணிக்கே எதிர்பார்த்தேன்," என்றார், எங்களைப் பார்க்காமல்.

மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதியிருந்தவர் அவர்தான். "மன்னிச்சுக்கோங்க," என்றேன் நான்.

எங்கள் ஊர் ஆட்களிடம் இது ஒரு வியாதி. தப்பு அவருடையது, மன்னிப்பு என்னுடையது. சாவியை மேசையில் வீசிவிட்டுப் போனார். அதற்கும் நன்றி சொன்னேன்.

ஒன்பதாம் அறை. முதல் மாடி. நேர் கீழே உணவுக்கூடம். சுவரில் பழைய கணப்பு அடுப்பைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள். அதற்கு மேலே வால்பேப்பரில் டீ சிந்தியது மாதிரி ஒரு பழுப்புக் கறை. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் நீர் வழிந்தது. கூரையில் ஒரு தட்டளவுக்கு வெள்ளை வட்டம், இரண்டு திருகாணித் துளைகள். ஐவியின் மடக்குக் கட்டிலுக்கு வேறு இடமில்லை. அதை அந்தக் கணப்புச் சுவரோடு ஒட்டிப் போட்டோம்.

மாலை 6.30க்குச் சுவரில் கையை வைத்துவிட்டு ஐவி சிரித்தாள். "அப்பா, சுவர் கதகதன்னு இருக்கு. இங்க இது ஒண்ணுதான் நல்லா இருக்கு."

எல்லாம் என் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றும் பட்டது. ஆனால் சத்தியம் பண்ணியிருந்தேனே.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஊரைச் சுற்றினோம். முதல் மதுக்கடையில் சமையல்காரர் இல்லை. இரண்டாவதில் செல்போனில்தான் ஆர்டர் தர வேண்டும், ஆனால் சிக்னல் இல்லை. மீன் கடை வரிசையில் ஒரு மணி இருபது நிமிடம் நின்று, வாங்கியதைப் பேருந்து நிழற்குடையில் நனைந்துகொண்டே சாப்பிட்டோம்.

"ஸ்பெயின்ல இந்நேரம் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே ஆலிவ் கொண்டுவந்து வெச்சிருப்பான்," என்றாள் ஹேசல். "இங்க உப்பு கேட்டா, சொத்துல பங்கு கேட்ட மாதிரி பாக்கறான்."

"அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியா?"

நான் சொல்லவில்லை. யாரும் சொல்வதில்லை. எங்களுக்குள் மணிக்கணக்கில் புலம்புவோம். கேட்க வேண்டியவன் வந்து கேட்டால், அருமை என்போம். இந்த நாட்டு விருந்தோம்பல் இப்படி அழுகிப்போனதில் டிரான்டர்களுக்கு எவ்வளவு பங்கோ, எங்களுக்கும் அவ்வளவு பங்கு.

சனிக்கிழமை காலை 8.05. உணவுக்கூடம். டிரான்டர் மூன்று தட்டுகளை மேசையில் இறக்கிவிட்டுப் போனார். முட்டை ரப்பர். டோஸ்ட் ஓடு. சாஸேஜ் வெளியே கருகி, உள்ளே ஜில்லென்று இருந்தது.

"இதைக் கதவுக்குத் தாழ்ப்பாளா போடலாம்," என்றாள் ஹேசல்.

"எல்லாம் நல்லா இருக்கா, கண்ணு?"

நிமிர்ந்தோம். ஒரு பணிப்பெண். ஐம்பது வயது இருக்கும். கறுப்புப் பாவாடை, வெள்ளை ஏப்ரன், இடது கையில் சின்னக் குறிப்புத் தாள்கட்டு, வலது கையில் பென்சில். முகக்கவசம் இல்லை. அந்த வருடம் பரிமாறுகிறவர்கள் எல்லோருக்கும் முகத்தில் பாதி மூடியிருக்கும். முழு முகம் பார்த்து நாளாகியிருந்ததால் கொஞ்சம் திடுக்கென்றது.

"ரொம்ப நல்லா இருக்கு, நன்றி," என்றோம், இருவரும் ஒரே குரலில்.

பென்சில் தாளில் இறங்கியது. கிறீச்... ஒரு கோடு.

பிறகு அவள் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். எங்கள் தட்டுகளைப் பார்க்கவே இல்லை.

"தலை வலிக்குதும்மா," என்றாள் ஐவி.

பதினோரு மணிக்குக் கடற்கரையில் அதே ஐவி மணலில் குதித்து ஓடினாள். தலைவலி போன இடம் தெரியவில்லை. மாலை 6.40க்கு அறையில் மறுபடி வலித்தது. இரண்டையும் என் கையாலேயே எழுதினேன். இரண்டு வரிக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளிகூட இல்லை.

ஞாயிறு காலை 7.20. ஐவி வாந்தி எடுத்தாள். எனக்கும் நெற்றி கனத்தது.

"அந்த மீன்தான்," என்றாள் ஹேசல். "டிரான்டர்கிட்ட சொல்லலாமா?"

"அவர் என்ன பண்ணுவார்? நாளைக்குக் கிளம்பறோம். எதுக்கு வம்பு."

8.06. அதே மேசை. அந்தப் பணிப்பெண் சமையலறைப் பக்கமிருந்து வந்தாள். எதிரே டிரான்டர் தட்டு ஏந்திப் போனார். இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய இடைவெளி. அவரும் ஒதுங்கவில்லை. அவளும் ஒதுங்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். அவள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

தலைவலியில் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் நல்லா இருக்கா?"

இந்த முறை 'கண்ணு' இல்லை.

"அருமை. நன்றிங்க," என்றாள் ஹேசல். நான் வாயில் டோஸ்டோடு தலையாட்டினேன்.

கிறீச்... இரண்டாவது கோடு.

மறுபடி கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பொய்ச்சாட்சி சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

திரும்பிச் சமையலறைக்குள் போனாள். அந்தக் கதவு இரண்டு பக்கமும் ஆடுகிற வகை. கீலுக்குள் சுருள்வில் இருக்கும். யார் நுழைந்தாலும் மூன்று முறையாவது ஆடித்தான் நிற்கும். டிரான்டர் போனபோது ஆடியது.

அவள் போனபோது... ஆடவே இல்லை.

அன்று மாலை கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது ஹேசல் சொன்னாள்.

"அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கல."

"எந்த அம்மா?"

"காலையில வர்றவங்க. கேக்கறது நம்மள. பாக்கறது மேல."

"ஆமா. நானும் பார்த்தேன்."

"மேல என்ன இருக்கு?"

யோசித்தேன். "நம்ம ரூம்."



திங்கள் காலை 7.50. கடல்மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. குளிர் காரணமாக விடுதியில் சூடாக்கியும் ஓடிக்கொண்டிருந்தது. ஐவி எழுந்திருக்கவில்லை. கதகதப்பான சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம்பா... தூங்கறேன்."

"நான் இவகூட இருக்கேன்," என்றாள் ஹேசல். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"தூங்கட்டும் விடு. கால் மணி நேரத்துல வந்துடலாம்."

இதைச் சொன்னவன் நான். ஹேசல் இல்லை. நான்.

8.04. கூடத்தில் வேறு யாருமில்லை. டிரான்டர் தட்டுகளை வைத்தார். "பத்து மணிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவில் குப்பைத்தொட்டியை உருட்டப் போனார்.

8.07. அவள் மேசை ஓரத்தில் நின்றிருந்தாள். வந்த சத்தம் கேட்கவில்லை.

"எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு," என்றேன். "நன்றி."

கிறீச்... மூன்றாவது கோடு.

அவள் போகவில்லை.

கத்தியும் முள்கரண்டியும் என் கையிலேயே இருந்தன. சுவர்க் கடிகாரம் ஓடியது. டக்... டக்... டக்...

8.08.

"வேற ஒண்ணும் வேணாங்க," என்றாள் ஹேசல்.

அவள் ஹேசலைப் பார்க்கவில்லை. குனிந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. மூச்சு... என் மேல் படவில்லை.

"எல்லாம் நல்லா இருக்கா?"

மேலே ஒரு சத்தம்.

தொப்.

ஏதோ கட்டிலிலிருந்து விழுந்தது.

"சொல்லு."

வாய் வரை வந்துவிட்டது. நல்லா இருக்கு, நன்றி. நாற்பத்தொன்பது வருடம் சொன்ன வார்த்தை.

"இல்ல," என்றேன்.

அவள் அசையவில்லை.

"நல்லா இல்ல. எதுவுமே நல்லா இல்ல." நிறுத்த முடியவில்லை. "முட்டை ரப்பர் மாதிரி இருக்கு. டீ ஆறிப்போச்சு. ரூம் கண்ணாடியில தண்ணி வழியுது. கணப்புக்கு மேல சுவர்ல பழுப்புக் கறை. அந்தச் சுவர் சுடுது. கூரையில எதையோ கழட்டி எடுத்திருக்கீங்க. ஜன்னலைத் திறக்க விடமாட்டீங்க. வெந்நீர் வர்ற நேரத்துக்கெல்லாம் பொண்ணுக்குத் தலை வலிக்குது. வெளியில போனா சரியாயிடுது. உள்ள வந்தா..."

நிறுத்தினேன்.

நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாளில் நான் நடத்துகிற பாடம் அது. கறை. ஈரம். சூடு. தலைவலி. வெளியே போனால் சரியாகும். பாய்லரின் புகைக்குழாய் சுவருக்குள்ளே இணைப்பு விட்டுக் கசிகிறது. கார்பன் மோனாக்சைடு விஷவாயு. நிறமில்லை. வாசனையில்லை. மூன்று நாளாக என் புகாரை நானே விழுங்கியிருந்தேன். அதைத் துப்பிய பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது.

8.09.

ஓடினேன்.

இருபத்து மூன்று படி. கதவு. ஐவியின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கீழே விழுந்தது அவளுடைய தண்ணீர் பாட்டில்.

"ஐவி."

பதிலில்லை.

"ஐவி..."

உதடு ரோஜா நிறம். அந்த வாயு ஏறினால் வரும் நிறம். எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஜன்னல் பெயிண்டில் ஒட்டிக் கிடந்தது. வெந்நீர்க் கெட்டிலை எடுத்து வீசினேன். கண்ணாடி தெருவில் போய் விழுந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நடைபாதையில், மூடுபனிக்கு நடுவே, அவள் வாயில் என் மூச்சை ஊதினேன்.

8.16க்கு ஐவி இருமினாள்.

அவள் பிழைத்தாள். நான்கு நாள் மருத்துவமனை. இப்போது நன்றாக இருக்கிறாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால், என்று ஆம்புலன்சில் வந்த பெண் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

தீயணைப்பு வீரர் ஒருவர் எங்கள் அறை மேசை இழுப்பறையில், பைபிளுக்குப் பக்கத்திலேயே, கூரையிலிருந்து கழற்றிய வாயு எச்சரிக்கைக் கருவியைக் கண்டெடுத்தார். பேட்டரியை உருவியிருந்தார்கள்.

"அது சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு," என்றார் டிரான்டர். "விருந்தாளிங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

அந்தக் கட்டடத்தில் வாய்திறந்து புகார் சொன்ன ஒரே ஜீவன் அதுதான். அதன் வாயையும் அடைத்துவிட்டார்.

"உங்க பணிப்பெண் எங்க?" என்று கேட்டேன்.

"யாரு? இந்த வருஷம் ஆளே கிடைக்கல. வாசல்லயே எழுதிப் போட்டிருக்கேனே."

தீயணைப்பு வீரர் என் தோளில் கை வைத்தார். "அந்த வாயு தலைக்கு ஏறினா இல்லாத ஆள் தெரியும், இல்லாத குரல் கேக்கும். உங்களுக்குத் தெரியாததா."

தெரியும். நானே பாடம் நடத்துகிறவன். ஒருவர் கண்ணுக்கு அப்படித் தெரியலாம். ஆனால் ஹேசலும் நானும் மூன்று காலையும் அதே முகத்தை, அதே ஏப்ரனை, அதே பென்சிலைப் பார்த்திருந்தோம். அதற்கும் மேலாக, பைகளை எடுக்க உள்ளே போனபோது, உணவுக்கூட மேசையில் என் தட்டுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. மேலே 9 என்று பென்சிலில் எழுதியிருந்தது. கீழே மூன்று கோடுகள். சீட்டின் தலைப்பில் விடுதியின் தொலைபேசி எண் அச்சாகியிருந்தது. 1995-இல் நாடு முழுக்க எல்லா ஊர்க் குறியீட்டு எண்ணிலும் பூஜ்யத்துக்குப் பின்னால் ஓர் 1 சேர்த்தார்கள். அந்தச் சீட்டில் 1 இல்லை. இருபத்தாறு வருடமாக யாரும் அச்சடிக்காத எண்.

அதை யாரிடமும் காட்டவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து, விசாரணை நடத்திய ஆய்வாளர் என்னை அழைத்தார். பழைய கோப்பு ஒன்று கிடைத்ததாம். 1987, அதே விடுதி. உரிமையாளர் வேறு. அறை அதே ஒன்பது. அம்மாவும் அப்பாவும் கீழே காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். எட்டு வயதுப் பெண் மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. அதே வாயு. அதற்குப் பிறகு அந்தக் கணப்புச் சுவருக்குள் போகும் புகைவழியை நிரந்தரமாக அடைத்தார்களாம். டிரான்டர் வாங்கியதும், செலவு மிச்சம் என்று, அதையே மறுபடி திறந்து புது பாய்லரைக் கோத்துவிட்டார். இப்போது அவர் மேல் வழக்கு நடக்கிறது.

கோப்பில் பணிப்பெண்ணின் வாக்குமூலம் இருந்தது. ஆய்வாளர் படித்துக் காட்டினார். "மூணு நாளும் நான் கேட்டேன். அந்தக் குழந்தை முகமே சரியில்ல. மூணு நாளும் ரொம்ப நல்லா இருக்கு, நன்றின்னாங்க. நானும் குறிச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

"பேர் எனிட் ஸ்டோக்ஸ்," என்றார். "இன்னும் உயிரோடதான் இருக்காங்க. எண்பத்து நாலு வயசு. அதே ஊர்ல, முதியோர் இல்லத்துல."

உயிரோடு.

பிப்ரவரியில் போனேன். நன்றி சொல்ல. நான் உண்மையில் அதற்காகத்தான் போனேன். அவருக்குக் காலையில்தான் நினைவு தெளிவாக இருக்கும் என்றார்கள். விடியுமுன் கிளம்பி 7.55க்கு இல்லத்தில் இருந்தேன். பிளெஸிங் என்ற பராமரிப்புப் பெண் என்னை அழைத்துப் போனாள்.

"படுக்கையில விழுந்து ஆறு வருஷம் ஆச்சு. கை கால் அசைக்க மாட்டாங்க," என்றாள். "பேச்சும் ஒரே ஒரு வரிதான். தினம் காலையில சாப்பாட்டு நேரத்துக்கு என்னைப் பாத்து, எல்லாம் நல்லா இருக்கான்னு கேப்பாங்க. நல்லா இருக்குங்கம்மான்னு சொன்னாத்தான் கண்ணை மூடுவாங்க."

"ஒரு நாள்கூடத் தவறாமலா?"

"போன ஆகஸ்ட்ல மூணு நாள் தவறிச்சு. கண்ணைத் திறந்துக்கிட்டே கிடந்தாங்க. தொட்டா ஜில்லுன்னு இருந்தாங்க. டாக்டரையே வரவழைச்சோம்." பதிவேட்டைப் புரட்டினாள். "இருபத்தெட்டு, இருபத்தொம்போது, முப்பது. எட்டு மணியிலேருந்து எட்டு பத்து வரைக்கும்."

சனி. ஞாயிறு. திங்கள்.

கட்டிலில் இருந்தது ஒரு சுருங்கிய உருவம். ஆனால் முகம் அதேதான், முப்பத்து நான்கு வருடம் கூடுதலாக. 8.07க்குக் கண்கள் என் பக்கம் திரும்பின.

"எல்லாம் நல்லா இருக்கா?"

நான் சொல்ல நினைத்தது வேறு. மகள் பிழைத்தாள் என்று. உங்களால்தான் என்று. ஆனால் யோசிப்பதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது.

"ரொம்ப நல்லா இருக்கு, நன்றி."

அவர் கண்ணை மூடவில்லை.

அந்தப் பார்வை. உணவுக்கூடத்தில் பார்த்த அதே பார்வை.

ஆறு வருடம் அசையாத வலது கை. அதில் ஆள்காட்டி விரல் மெல்ல நகர்ந்தது. நகம் போர்வையின் மேல் மேலிருந்து கீழாக இறங்கியது.

கிறீச்...

பிளெஸிங்கின் கையிலிருந்து பதிவேடு விழுந்தது.

வெளியே ஓடிவந்து ஹேசலுக்கு போன் செய்தேன். மணி 8.11. ஒன்பது முறை அடித்த பிறகு எடுத்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு. ஏன்?"

"மேல போய் ஐவியைப் பாரு. இப்பவே."

படியேறும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு ஐவியின் குரல், தூக்கத்தில் சிணுங்கியது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாய்லரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினேன். புகைக்குழாய் சரி. அழுத்தம் சரி. நான்கு எச்சரிக்கைக் கருவிகளும் சரி. மின்கம்பிகளைப் பார்த்தேன். கூரைச் சட்டங்களைப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை.

ராத்திரி கருவிப்பெட்டியைப் பூட்டப் போனபோது அந்தச் சீட்டு கண்ணில் பட்டது. பெட்டியின் அடித்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வைத்திருந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான். உறை பிரிபடவில்லை.

உள்ளே நான்கு கோடுகள் இருந்தன.

மூன்று மாதமாகிறது. ஹேசலும் ஐவியும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அப்படித்தான் சொல்கிறார்கள். எது நன்றாக இல்லை என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.